சான்றிதழ் கிடக்கட்டும், துணியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: என் மகள் பிலிப்பைன்ஸில் டாவோ நகரத்தில் மெடிக்கல் படிக்கிறாள். அங்கே ட்போலி பழங்குடிப் பெண்கள் நெய்யும் ட்னலாக் துணியைப் போட்டோவில் பார்த்த என் மைத்துனிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சேலத்தில் சின்னதாக ஒரு பொட்டிக் வைத்திருக்கிறாள். முப்பது மீட்டர் வாங்கிப் பைகளும் குஷன் உறைகளும் தைத்து விற்கலாம் என்கிறாள். மகளின் விடுதிப் பக்கம் ஒருவர், மூன்று வாரத்தில் ஒரிஜினல் சான்றிதழோடு கொண்டுவந்து தருகிறேன், பாதிப் பணம் முன்னாலேயே வேண்டும் என்கிறாராம். நம்பலாமா? ஒரிஜினலை எப்படிக் கண்டுபிடிப்பது? (நாமக்கல் வாசகர்)

பதில்: முன்பணம் கொடுக்க வேண்டாம். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் மகளுக்குப் போன் போட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.

அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வாரத்தில் முப்பது மீட்டர் என்று அவர் சொல்லும் கணக்கு உதைக்கிறது. ட்னலாக் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். இதன் மூலப்பொருள் அபாக்கா, வாழை இனத்துச் செடி, நாருக்காகவே வளர்ப்பது. அதன் தண்டிலிருந்து நாரை உரித்து, காயவைத்து, மெல்லிய இழைகளாகப் பிரிப்பார்கள். பஞ்சு மாதிரி நூற்பது கிடையாது. ஒரு இழையின் நுனியை அடுத்த இழையின் நுனியோடு கையால் முடிச்சுப் போட்டுத்தான் நீளமாக்க வேண்டும், ஒவ்வொன்றாக. பிறகு பாவு நூலைச் சட்டத்தில் விரித்து, எங்கே சாயம் ஏறக் கூடாதோ அங்கெல்லாம் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டுவார்கள். வரைபடமோ மாதிரியோ எதுவும் பக்கத்தில் இருக்காது, டிசைன் முழுக்க அந்தப் பெண்ணின் மனதில்தான். க்னலும் என்கிற மரத்தின் இலையில் கறுப்பு, அதற்கு அந்த நாரை நாள்கணக்கில் அடுப்பில் வேகவைக்க வேண்டும். அப்புறம் சில கட்டுகளை அவிழ்த்து லோகோ என்கிற வேரில் சிவப்பு. கடைசிவரை கட்டியே இருந்த இடம் நாரின் சொந்த வெளுப்பில் நிற்கும். இவ்வளவுக்கும் பிறகுதான் தறிக்கே வருகிறது. அதுவும் ஒரு முனையை வீட்டுத் தூணிலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்கிற இடுப்புத்தறி. நெய்து முடித்ததும் சோழியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள்.

ஐந்தாறு மீட்டர் துணி ஒன்றுக்கே சாதாரணமாக இரண்டு மாதம் மூன்று மாதம் போய்விடும். நடுவில் விதைப்பு, அறுவடை, பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் வரும், வேலை நிற்கும். இதில் மூன்று வாரத்தில் முப்பது மீட்டர் என்றால் என்ன அர்த்தம்? ஒன்று, அது நெய்த துணியே இல்லை, அச்சு. இல்லையென்றால் பல வீடுகளில் பணமுடையில் இருக்கும் பெண்களிடம் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வரப்போகிறார். இரண்டாவது நடந்தால் துணி ஒரிஜினலாகவே இருக்கும், ஆனால் அந்தப் பணத்தில் நெய்தவளுக்குப் போவது சொற்பம். ‘கையிருப்பு இருக்கு’ என்று அவர் சொன்னால், சரி, காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு பணம்.

இந்தச் சான்றிதழ் விவகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிரிண்டர் இருக்கிற யாரும் அடித்துவிடக்கூடிய ஒரு தாளை நம்பி ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். பொன்னிற ஓரம், ஒரு முத்திரை, ‘கனவு நெசவாளர்’ என்று இரண்டு வரி, அவ்வளவுதான். கனவு என்பது பொய்யில்லை. அபாக்காவின் காவல் தெய்வமான ஃபு டாலு கனவில் வந்து டிசைன் தருகிறாள் என்பது ட்போலி பெண்கள் உண்மையாகவே நம்புகிற விஷயம். அந்த நம்பிக்கையை ஒரு தாளில் ஒட்டி விலையேற்றுகிறானே தரகன், அவனிடம்தான் ஜாக்கிரதை வேண்டும். இன்னொரு சரக்கு, ‘இது லாங் டுலே கையாலேயே நெய்தது’ என்பது. லாங் டுலே, ட்போலி மக்கள் வாழும் மலையூரான லேக் செபுவின் மிகப்பெரிய நெசவாளர், பன்னிரண்டு வயதில் தாயிடம் கற்றுக்கொண்டவர், 1998-ல் பிலிப்பைன்ஸ் அரசின் தேசிய வாழும் பொக்கிஷம் விருது பெற்றவர். அவர் 2015-லேயே காலமாகிவிட்டார். அவர் கையால் நெய்த துணி விடுதி வாசலில் மீட்டர் கணக்கில் கிடைக்காது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? மகள் செய்ய வேண்டிய முதல் வேலை துணியைத் திருப்பிப் பார்ப்பது. ட்னலாக்கில் சாயம் நூலிலேயே ஏறியிருக்கிறது, நெய்வதற்கு முன்பே. அதனால் முன்பக்கம் தெரிகிற டிசைன் பின்பக்கமும் அதே அழுத்தத்தில் தெரியும். அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறிப்போயிருக்கும். போச்சம்பள்ளிப் புடவை வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்கிற அதே சோதனைதான், ஏனென்றால் முறையும் அதேதான், நூலைக் கட்டிச் சாயமேற்றுவது. அடுத்து டிசைனின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கோடு போட்டமாதிரி கூர்மையாக இருந்தால் சந்தேகப்படலாம். கட்டுக்குள் சாயம் கொஞ்சம் கசியத்தான் செய்யும், அதனால் உண்மையான துணியில் ஓரம் லேசாக மங்கி, இறகு மாதிரி இருக்கும், இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் அங்கங்கே பொடி முடிச்சுகள் தட்டுப்படும். அகலத்தையும் பாருங்கள். இடுப்பில் கட்டிய தறியில் ஒரு பெண்ணின் கை எட்டுகிற அகலம்தான் வரும், ஏறக்குறைய இரண்டடிக்குள். மூன்றடி நான்கடி அகலத்தில் ட்னலாக் என்று விரித்துக் காட்டினால் பேசாமல் வந்துவிடலாம்.

நாரைப் பொறுத்தவரை ஒரு சின்ன எச்சரிக்கை. சினமாய் என்று ஒரு துணி உண்டு, அதுவும் அபாக்காதான், தொப்பிக்கும் அன்பளிப்புப் பொட்டலத்துக்கும் பயன்படுகிற சல்லடை மாதிரித் துணி. அதன்மேல் ட்னலாக் டிசைனை அச்சடித்து, ‘பாருங்கள், அசல் அபாக்கா’ என்று எரித்தும் காட்டுவார்கள். எரித்தால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகத்தான் செய்யும், நார் அசல்தானே! பாலியெஸ்டர் அச்சுத் துணியைப் பிடிக்க மட்டும்தான் நெருப்புச் சோதனை உதவும், அது உருகி மணியாகத் திரளும். சினமாயைப் பிடிக்க மறுபடியும் பின்பக்கம்தான்.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் நல்ல எண்ணத்தோடு போகிறவர்களே தப்புச் செய்கிறார்கள். பழைய முறையில் மூன்றே நிறம்தான், கறுப்பு, சிவப்பு, நாரின் வெளுப்பு. இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய், நீலமும் மஞ்சளும் ஊதாவும் உள்ள ஒரு துணியைப் பார்த்ததும் ‘போலி’ என்று தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது போலி இல்லை. அதாவது, போலியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லேக் செபுவிலேயே அதே பெண்கள், அதே அபாக்கா நாரில், அதே இடுப்புத்தறியில், கடைச் சாயம் போட்டு நெய்கிறார்கள். வேகவைக்கிற நாள்கள் மிச்சம், வாங்குகிறவர்கள் கலர் கேட்கிறார்கள், பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும், அவர்களை நாம் குறை சொல்ல என்ன இருக்கிறது. அந்தத் துணிக்கும் பின்பக்கம் ஒரே அழுத்தத்தில் தெரியும், அதற்கும் முடிச்சு உண்டு, ஓரம் கசிந்திருக்கும். வித்தியாசம் சாயத்தில் மட்டும். ஆகவே அதை அதற்கான விலையில், கடைச் சாயம் என்று தெரிந்தே வாங்கினால் ஒரு தவறும் இல்லை, நெய்தவளுக்கும் வேலை. மூலிகைச் சாயம் என்று சொல்லி மூலிகைச் சாயத்தின் விலைக்கு விற்றால்தான் மோசடி. பதிலுக்கு, மூன்று நிறம் மட்டுமே உள்ளதெல்லாம் இலைச் சாயம் என்றும் நினைத்துவிடாதீர்கள், கறுப்பும் சிவப்பும் கடையிலும் கிடைக்கிறது. க்னலும் கறுப்பு பெரும்பாலும் ஆழ்ந்த பழுப்போடு சேர்ந்த கறுப்பாகத் தெரியும், லோகோ சிவப்பு செங்கல் பக்கம் சாய்ந்திருக்கும், குங்குமச் சிவப்பாகப் பளிச்சென்று அடித்தால் கேளுங்கள். கேட்டால் நெசவாளர்கள் மறைக்க மாட்டார்கள். மறைப்பது நடுவில் நிற்கிறவர்தான்.

அப்படியானால் எங்கே வாங்குவது? டாவோவிலிருந்து ஜெனரல் சாண்டோஸ் வரை பஸ், அங்கிருந்து கொரோனடால், சுரல்லா வழியாக மலை மேல் லேக் செபு. தெற்கு கொட்டபாட்டோ மாகாணம். (செபு என்று பெரிய நகரமும் தீவும் வேறு இருக்கிறது, விமான டிக்கெட்டை அங்கே போட்டுவிடப் போகிறார்கள்.) நாலைந்து பேராகப் போய், ஒரு இரவு தங்கி வர வேண்டிய தூரம். கிளம்பும் முன் கல்லூரியில் அந்தப் பகுதிப் பயண நிலைமையைக் கேட்டுக்கொள்ளட்டும். அங்கே பெண்கள் கூட்டுறவாக நடத்தும் கடை இருக்கிறது, லாங் டுலேயின் பெயரில் நெசவு மையம் இருக்கிறது. அங்கே துணியை நெய்தவர் பெயர் கேட்டால் சொல்வார்கள், பல சமயம் ஆளே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். என்னைக் கேட்டால் அந்தப் பெயரும், பணம் கட்டிய ரசீதும்தான் சான்றிதழ். பேரம் பேசாதீர்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். மூன்று மாத உழைப்பை அரை விலைக்குக் கேட்பது நமக்கு அழகில்லை.

இவ்வளவு வேலையையும் ஒரு மாணவியின் தலையில் ஏன் கட்டுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் எரிச்சல்தான். பிலிப்பைன்ஸில் சட்டத்துக்குக் குறைவே இல்லை. பாரம்பரியக் கலைஞர்களைக் கௌரவிக்க 1992-ல் ஒரு சட்டம். பழங்குடிகளின் பண்பாட்டு அறிவு அவர்களுக்கே சொந்தம், அவர்கள் சம்மதமில்லாமல் தொடக் கூடாது என்று 1997-ல் இன்னொன்று. ஜூலை மாதமானால் கொரோனடாலில் ட்னலாக் பெயரிலேயே பெரிய திருவிழா. எல்லாம் சரி, அதே ட்னலாக் டிசைனை பாலியெஸ்டரில் அடித்து விற்பதை யார் தடுத்தார்கள்? நம் ஊரும் ஒன்றும் ஒசத்தி இல்லை. 1985-லேயே கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டோம், பவர்லூம் சேலை கைத்தறி என்று விற்பது நின்றுவிட்டதா? விருதும் விழாவும் நடத்துவது சுலபம். கடைக்காரன் கையைப் பிடிக்கிற வேலைக்கு மட்டும் ஆள் இருப்பதில்லை, கேட்டால் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள்.

இப்போது மைத்துனியின் திட்டத்துக்கு வருவோம். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ட்னலாக்கை வெட்டுவது ட்போலி வழக்கத்தில் தோஷம். முழுத்துணியை வெட்டினால் நோயோ சாவோ வரும் என்பது அவர்கள் நம்பிக்கை, விற்கும் துணியில் ஆவியைச் சமாதானப்படுத்த ஒரு பித்தளை வளையம் கோத்துக் கொடுப்பதும் அதனால்தான். தறியில் இருக்கும் துணியைத் தாண்டிக்கூட நடக்க மாட்டார்கள். கல்யாணத்தில் கொடுக்கிற, பிரசவத்தின்போது போர்த்துகிற துணி அது. சுற்றுலா வந்த பிறகு பையும் பர்ஸும் அவர்களே தைத்து விற்கிறார்கள், உண்மை, ஆனால் அது அவர்கள் எடுத்த முடிவு, நம் கத்தரிக்கோல் வேறு. அதனால் என் யோசனை, முப்பது மீட்டரை மறந்துவிடுங்கள். அவர்களே தைத்த பைகள், பர்ஸ்கள் கொஞ்சம் வாங்குங்கள், கூலியும் அங்கேயே போகும். கூடவே வெட்டாத முழுத்துணி ஒன்றே ஒன்று, கடைச் சுவரில் மாட்ட. வாங்குகிறவர்களுக்கு நெய்தவர் பெயரைச் சொல்லி விற்றால் சேலத்தில் போகாமலா இருக்கும்? ஓடினால், அடுத்த ஆர்டரை நேரடியாகக் கூட்டுறவுக்கே கொடுக்கலாம், ஆறு மாதம் முன்னாலேயே சொல்லி. வியாபாரத்துக்கு என்று வருவதைப் பெட்டியில் சொந்தச் சாமான் மாதிரி கொண்டுவரக் கூடாது, அதற்கு இறக்குமதிப் பதிவு வேண்டும், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மகள் வேறு சாமான்களும் வாங்குவாள் என்பதால் இரண்டு வார்த்தை. ஆண்களுக்கு பாரோங் என்கிற பிலிப்பைன்ஸ் பாரம்பரியச் சட்டை எடுத்தால் பினா என்று சொல்வதெல்லாம் பினா இல்லை. அது அன்னாசி இலை நார், அக்லான் மாகாணத்தில் கையால் சுரண்டி எடுத்து நெய்வது, 2023-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கடைகளில் மலிவாகத் தொங்குபவை பெரும்பாலும் பாலியெஸ்டர் ஆர்கன்ஸா. சமர் தீவின் பாசேயில் டிகோக் கோரையில் முடையும் பானிக் பாய் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், நம் பத்தமடைக்காரர்களுக்குக் காட்டினால் சந்தோஷப்படுவார்கள். சிப்பிச் சாமான்களில் மெல்லிய தகடு மாதிரி இருக்கும் காபிஸ் விளக்குகள் பரவாயில்லை. ஆனால் ராட்சதச் சிப்பி, நாட்டிலஸ் ஓடு, கடலாமை ஓட்டில் செய்த எதுவும் வேண்டவே வேண்டாம். சர்வதேச ஒப்பந்தப்படியும் நம் வனவிலங்குச் சட்டப்படியும் பாதுகாக்கப்பட்டவை, ஏர்போர்ட்டில் பிடித்தால் விற்றவன் வந்து நிற்க மாட்டான், உங்கள் பொண்ணுதான் நிற்பாள்.

ட்னலாக்கை மடிக்கக் கூடாது, மடிப்பில் நார் ஒடிந்துவிடும். அட்டைக் குழாயில் சுருட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாஷிங் மெஷின் பக்கமே போக வேண்டாம், ஈரத்துணியால் லேசாகத் துடைத்து நிழலில் விட்டால் போதும்.