வரைபடத்தில் இடம் கிடைக்காத மாநிலங்கள்

கேள்வி: அமெரிக்கா பிறந்தபோது 13 மாநிலங்கள்தான். மீதி 37-ம் எப்படி வந்து சேர்ந்தன?

பதில்: வரலாற்று ஆசிரியனாக இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு நான் முதலில் எடுத்து வைப்பது 1787 ஜூலை 13 அன்று நிறைவேறிய வடமேற்குப் பிரதேசச் சட்டத்தைத்தான். ஒஹையோ ஆற்றுக்கு வடமேற்கில் இருந்த நிலத்துக்கான சட்டம் அது. தொடக்கத்தில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) நியமிக்கும் ஓர் ஆளுநர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள். வயது வந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் ஆனதும் சட்டமன்றம். சுதந்திர மக்கள்தொகை 60,000-ஐ எட்டினால் மாநிலம், அதுவும் பழைய 13 மாநிலங்களுக்குச் சமமாக. நேற்றுவரை இங்கிலாந்துக்குக் கீழ்ப்பட்டுக் கிடந்தவர்கள், புதிதாக வருபவர்களைத் தங்களுக்குக் கீழே வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த வரியை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை.

எல்லோரும் இந்த வழியில் வரவில்லை. வெர்மான்ட் 1777 முதல் தனிக் குடியரசாக இருந்தது. நியூயார்க் அந்த நிலத்துக்கு உரிமை கோரியதால் 30,000 டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு, 1791-இல் 14-வது மாநிலமாகச் சேர்ந்தது. கலிபோர்னியா, மாநிலமாகும் முன் பிரதேசமாக இருக்கும் கட்டத்தையே தாண்டி 1850-இல் நேரே மாநிலமானது.

கேள்வி: ஒஹையோ 1953-இல்தான் மாநிலமானது என்கிறார்களே?

பதில்: இல்லை, 1803-தான். சேர்ப்பதற்கான முறையான தீர்மானத்தைக் காங்கிரஸ் அப்போது நிறைவேற்றாமல் விட்டிருந்தது. 150-வது ஆண்டு விழா நெருங்கியபோது அது பேச்சானது. 1803 மார்ச் 1 என்று முன்தேதியிட்ட தீர்மானத்தில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1953-இல் கையெழுத்திட்டார்.

கேள்வி: மாநிலமாக முயன்று தோற்றவை உண்டா?

பதில்: உண்டு. என் மனம் எப்போதும் போய் நிற்பது அவற்றிடம்தான்.

1784-இல் வட கரோலினா, மலைகளுக்கு மேற்கே இருந்த தன் நிலத்தைக் காங்கிரஸுக்கு விட்டுக்கொடுத்தது. சில மாதங்களிலேயே மனம் மாறித் திரும்ப எடுத்துக்கொண்டது. அங்கே குடியேறியிருந்தவர்கள் பொறுக்கவில்லை. ஜோன்ஸ்பரோவில் கூடித் தனி மாநிலம் அமைத்து, பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரையே சூட்டினார்கள். ஜான் செவியர் ஆளுநரானார். கையில் நாணயம் இல்லை. நீர்நாய்த் தோல், தேன்மெழுகு, பன்றி இறைச்சி என்று கிடைத்ததையெல்லாம் வரியாக வாங்கினார்கள். சேர்த்துக்கொள்ள 9 மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும்; கிடைத்தது 7. வட கரோலினாவின் ஆட்கள் ஒரு பக்கம், செவியரின் ஆட்கள் ஒரு பக்கம் என்று ஒரே ஊருக்குள் இரண்டு அரசு நடந்தது. 1788 பிப்ரவரியில் துப்பாக்கிச் சண்டையே வந்தது. அதன்பின் பிராங்க்ளின் மாநிலம் கரைந்துபோனது. ஆனால் அந்த நிலம் 1796-இல் டென்னசி மாநிலத்தின் பகுதியாக உள்ளே வந்தது, முதல் ஆளுநர் அதே செவியர்!

இன்னொன்றுக்கு அந்த ஆறுதல் இல்லை. செரோக்கி, சாக்டா, சிக்கசா, கிரீக், செமினோல் என்ற பூர்வகுடி மக்கள் தங்கள் சொந்த மண்ணிலிருந்து மேற்கே விரட்டப்பட்டவர்கள். 1905-இல் அவர்களின் பிரதிநிதிகள் மஸ்கோகியில் கூடி ஓர் அரசியலமைப்பை எழுதினார்கள். மாநிலத்துக்கு அவர்கள் வைத்தது செக்வோயா என்ற செரோக்கி மனிதரின் பெயர். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அந்த மனிதர்தான் தனி ஆளாக உழைத்துச் செரோக்கி மொழிக்கு எழுத்து உருவாக்கியவர். தாய்மொழி எழுத்தை நேசிக்கும் எவருக்கும் அந்தப் பெயரின் அருமை புரியும். மக்கள் வாக்கெடுப்பிலும் பெரும்பான்மை கிடைத்தது. காங்கிரஸ் ஏற்கவில்லை. 1907-இல் அந்த நிலத்தை ஓக்லஹோமா பிரதேசத்தோடு இணைத்து ஓக்லஹோமா என்ற ஒரே மாநிலமாக்கினார்கள். மஸ்கோகி மாநாட்டில் பங்கேற்ற சார்லஸ் ஹாஸ்கெல் அதன் முதல் ஆளுநரானார். செக்வோயா என்ற பெயர் இன்று அங்கே ஒரு மாவட்டத்துக்கு இருக்கிறது.