கோல்ஃப் மட்டைகள் மரத்திலிருந்து உலோகத்துக்கு மாறியது ஏன்? மரம் மட்டமானது என்பதாலா?

மட்டமா? அம்பாசமுத்திரத்தில் மரக்கடைசல் பட்டறை வீட்டில் பிறந்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கடையில் பளபளக்கும் டைட்டானியம் மட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள்.

என் சிறு வயதில் பாளையங்கோட்டைப் பெரியவர் ஒருவர் முறிந்த பழைய மட்டையை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பந்தை அடிக்கும் தலையும் மரம், கையில் பிடிக்கும் தண்டும் மரம். இணைப்பின் மேல் கறுத்த நூலை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். அப்பா அதைப் பிரித்தார். உள்ளே ஓர் ஆணிகூட இல்லை. இரண்டு மரத்தையும் நீளச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து வஜ்ஜிரப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அப்பா தண்டைக் கட்டைவிரலால் தடவி, "இழை எங்கேயும் அறுபடவில்லை பாருங்கள் அண்ணாச்சி, செய்தவன் தொழில் தெரிந்தவன்" என்றார். பிறகு சடச்சி மரத்தில் புதுத் தண்டு சீவிப் போட்டுக் கொடுத்தார்.

1502இல் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் மட்டை வாங்கியதே பெர்த் நகரத்து வில் செய்பவரிடம்தான். வளைந்து நிமிரும் மரம் எது என்று வேறு யாருக்குத் தெரியும்? இறகு அடைத்த தோல் பந்தை இரும்பு கிழித்துவிடும் என்பதால் மரத்தலையே பெரிதும் புழங்கியது. 1848 வாக்கில் கட்டபார்ச்சா என்ற மரப்பால் பந்து வந்தபின் இரும்புத்தலை பெருகியது. தண்டு மட்டும் அமெரிக்க ஹிக்கரி மரம். அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றது அந்தத் தண்டுகளோடுதான்.

பிறகு ஏன் மாறியது? நல்ல ஹிக்கரி அரிதாகிவிட்டது. ஒரு தண்டின் வளைவு இன்னொன்றுக்கு வராது. எஃகுக் குழாயோ எத்தனை செய்தாலும் ஒரே மாதிரி இருக்கும். பிரிட்டனில் அதற்கு 1929இல் அனுமதி கிடைத்தது. தலை அப்போதும் பெர்சிமன் மரம்தான். நம் பக்கத்துப் பெண்கள் பீடி சுற்றும் இலையைத் தரும் மரத்தின் இனம். 1979இல் டெய்லர்மேட் நிறுவனத்தின் எஃகுத்தலை வந்தபிறகும் பலர் பெர்சிமனை விடவில்லை.

கோல்ஃப் ஆடாதவன் பேசலாமா என்று சிலர் வருவார்கள். ஆட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை, மரத்தைப் பற்றிப் பேசுகிறேன். உள்ளே வெற்றிடம் விட்டுத் தலையைப் பெரிதாக்க உலோகத்தால்தான் முடியும், பந்தும் தூரம் போகும், அதை மறுக்கவில்லை.

எங்கள் சொப்புச் சாமானுக்கும் இதே பேச்சுதான். போன பொருட்காட்சியில் பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு வாசலிலேயே இடம். மஞ்சள் கடம்பில் கடைந்து அரக்கு ஏற்றிய சாமானுக்கு ஜெனரேட்டர் பக்கம். கேட்டதற்கு, விற்கிற பொருளுக்குத்தான் முன்னிடம் என்றார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் வைத்தால் எது விற்கும்?