லாரி பேசும் முன் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு எடுத்து வையுங்கள்

கேள்வி: நாங்கள் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். சென்னை திருவொற்றியூரில் ஜெனரேட்டர் சர்வீஸ் செய்யும் கம்பெனியில் மாதம் 26,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை கிடைத்திருக்கிறது. மே 2-ஆம் தேதி சேரச் சொல்கிறார்கள். பையன் ஒன்பதாம் வகுப்புக்கும் பெண் ஐந்தாம் வகுப்புக்கும் போகிறார்கள். கையில் 90,000 ரூபாய் இருக்கிறது. படகுக்காரர்களிடம் 35,000 பாக்கி நிற்கிறது. அங்கே பார்த்திருக்கும் வீட்டுக்கு வாடகை 8,500, அட்வான்ஸ் 50,000 கேட்கிறார்கள். பேக்கர்ஸ் கம்பெனி 42,000 சொல்கிறது. தெரிந்த லாரிக்காரர் ஒருவர் 24,000 கேட்கிறார். மாமியார் வர மாட்டேன் என்கிறார். இங்கே இருப்பது சொந்த ஓட்டு வீடு. என்னுடைய மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்து எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுபோய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்தை வாசித்ததும் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அட்வான்ஸ் 50,000, முதல் மாத வாடகை 8,500, பேக்கர்ஸ் கம்பெனிக்கு 42,000. மொத்தம் 1,00,500. சென்னையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே கையிருப்பைத் தாண்டி 10,500 கடன். லாரிக்காரரின் 24,000 என்று வைத்தாலும் 82,500 போய்விடும். மிச்சம் 7,500. அதில்தான் ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, ரயில் டிக்கெட், பள்ளிச் செலவு, மளிகை எல்லாம். சம்பளம் வரும்வரை நான்கு பேர் அதை வைத்து ஓட்ட முடியாது. சங்கிலி அடகுக்குப் போவது இந்த இடத்தில்தான். அடகு வைத்த பணம் லாரி வாடகையாகக் கரைந்துபோனால் அதை மீட்கப் பிறகு எங்கிருந்து பணம் வரும்?

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் 30,000 ரூபாயை உங்கள் பெயரில் இருக்கும் கணக்கில் தனியாகப் போட்டுவிடுங்கள். சென்னையில் முதல் இரண்டு மாதச் சாப்பாடு, பால், பஸ், நோட்டுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அதுதான். லாரிக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் அதைத் தொடாதீர்கள். மீதி 60,000. அதற்குள்தான் வீடும் லாரியும்.

இதற்கு முதல் வழி, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஒரு பையோடு முன்னால் போவது. கூட வேலை செய்பவர்களோடு ஒரு அறையில் மே மாதத்தைக் கழிக்கட்டும். குடும்பத்தோடு ஒரே நாளில் போய் இறங்குவதில் உள்ள பெரிய ஆபத்து, வேலை ஒத்துவருமா என்று தெரியும் முன்பே அட்வான்ஸ் கட்டிவிடுவது. ஒரு மாதம் வேலை பார்த்தால் கம்பெனி சம்பளத்தை எந்தத் தேதியில் போடுகிறது, முழுதாகப் போடுகிறதா என்று தெரிந்துவிடும். பார்த்திருக்கும் அந்த வீட்டையும் சாயங்காலமும் காலையும் போய்ப் பார்க்கலாம். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, மாடிக்கு ஏறுகிறதா, கீழே வந்து பிடிக்க வேண்டுமா என்று பக்கத்துப் போர்ஷன்காரரிடம் கேட்கச் சொல்லுங்கள். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சென்னை என்றதும் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் என்று நம்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மே மாதச் சம்பளம் ஜூன் முதல் வாரத்தில் வரும். அவருடைய அறை வாடகை, சாப்பாடு, இங்கே உங்கள் வீட்டுச் செலவு போக 8,000 மிஞ்சினாலும் போதும். அதற்குப் பிறகு நீங்களும் பிள்ளைகளும் கிளம்பினால் பள்ளி திறப்பை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அட்வான்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. உங்கள் வீட்டுக்கு அது 25,500. கேட்பதோ 50,000. சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் வீடு கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பேசலாம். "இப்போது 40,000 தருகிறோம், வாடகையை மாதம் ஐந்தாம் தேதிக்குள் தவறாமல் போட்டுவிடுவோம்" என்று கம்பெனி அடையாள அட்டையைக் காட்டிக் கேட்டால் இறங்கி வருகிற வீட்டு ஓனர்கள் நிறையப் பேர். எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், அட்வான்ஸ் தொகையும் அதில் இருக்கட்டும். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. குடிபோகும் அன்றே மின் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துவிடுங்கள்.

அட்வான்ஸ் 40,000-க்கு இறங்கினால் வாடகையோடு 48,500. 60,000-த்தில் 11,500 மீதி. மே மாதத்து 8,000-த்தையும் சேர்த்தால் 19,500. இதுதான் உங்கள் இடமாற்றச் செலவுக்கான மொத்தப் பணம். இதற்குள் எவ்வளவு சாமான் போகுமோ அவ்வளவுதான் போக வேண்டும்.

சரி, எதைக் கொண்டுபோவது? உங்கள் வீட்டைப் பார்க்காமலேயே சொல்கிறேன், பீரோவின் அடித்தகட்டை விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் பாக் ஜலசந்தி, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் உப்புக்காற்று அடிக்கிற தீவில் பத்து வருடம் நின்ற இரும்பு வெளியே பெயின்ட்டோடு பளபளக்கும், அடியில் அரித்திருக்கும். தட்டும்போது துரு தூளாகக் கொட்டினால் அந்த பீரோ 550 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் குலுங்கிப் போய் நிமிர்ந்து நிற்காது. ஃபிரிட்ஜின் பின்பக்கக் குழாய்களையும் பாருங்கள். துரு ஏறியிருந்தால் குலுக்கலில் எங்காவது விரிசல் விட்டு கேஸ் போய்விடும். லாரியில் பாதி இடத்தை அடைப்பது பீரோ, ஃபிரிட்ஜ், இரும்புக் கட்டில் இந்த மூன்றும்தான். மாமியார் இங்கே இருக்கப்போகிறார் என்றால் இவை மூன்றும் அவருக்கே வேண்டும். விட்டுவிடுங்கள்.

கொண்டுபோக வேண்டியது பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள். அவை இன்று வாங்கினால் விலை அதிகம். உப்பும் அவற்றை அவ்வளவாகத் தின்னாது. மிக்ஸி, மெத்தை, பாய், பிள்ளைகளின் புத்தகம், துணி, குடங்கள். கிரைண்டர் என்றால் கல்லைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றுங்கள், உள்ளே வைத்தபடி அனுப்பினால் டிரம் உடையும். பனையோலைப் பெட்டிகளில் துணியை அடுக்குங்கள், அட்டைப்பெட்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் ஸ்பேனர் செட்டும் டூல்ஸும் லாரியின் அடித்தட்டில் முதலில் ஏறட்டும். ஆயில் தடவி, பாலிதீனில் சுற்றி. அவருடைய பிழைப்பே அதில்தான் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு நெத்திலிக் கருவாடும் கருப்பட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். கருவாட்டை மூடி போட்ட வாளியில் தனியாக வையுங்கள், மெத்தைப் பக்கத்தில் வேண்டாம்.

இப்படிக் குறைத்தால் முழு லாரி தேவையில்லை. 24,000 சொன்ன அந்த லாரிக்காரரிடமே சாமான் லிஸ்டைக் காட்டி மறுபடி பேசுங்கள். அதோடு ரிட்டர்ன் லோடு கிடைக்குமா என்று ராமநாதபுரத்தில் உள்ள லாரி புக்கிங் ஆபீஸ்களில் விசாரியுங்கள். சென்னையிலிருந்து மளிகை, ஹார்டுவேர் ஏற்றிவரும் வண்டிகள் திரும்பும்போது காலியாகப் போவதற்குப் பதில் குறைந்த வாடகைக்கு வரும். மீன் ஏற்றும் வண்டி மட்டும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாடை மெத்தையில் ஏறிவிடும். மே கடைசியிலும் ஜூன் முதல் நாட்களிலும் எல்லோரும் வீடு மாறுவதால் வாடகை கூடும். ஏழாம் தேதிக்குப் பிறகு வார நடுவில் ஒரு நாளாகப் பாருங்கள். லாரிக்கு 15,000-க்குள் முடித்து, மீதி 4,500-ஐக் கூலிக்கும் ரயிலுக்கும் வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

வாடகை பேசும்போது தொகை ஒன்று, நிபந்தனை பத்து. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வீடு மாறியபோது, வாய்ப்பேச்சாக ஒரு தொகை முடித்து முக்கால்வாசியை முன்பணமாகக் கொடுத்துவிட்டேன். தெரு முனையில் வண்டியை நிறுத்தி, உள்ளே லாரி வராது, குட்டி யானையில் மாற்ற வேண்டும், இன்னும் 4,000 கொடுத்தால்தான் இறக்குவோம் என்றார்கள். கையில் எழுத்து எதுவும் இல்லை. என் அம்மா நடுத்தெருவில் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கேட்டதைக் கொடுத்தேன்.

அதனால் ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்குங்கள். சாமான் லிஸ்ட், ஏற்றும் நாள், சேரும் நாள், டோல்கேட், டிரைவர் பேட்டா, இரண்டு பக்கக் கூலி, எத்தனையாவது மாடி, தெருவுக்குள் வண்டி வராவிட்டால் குட்டி யானைச் செலவு யாருடையது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். பேக்கர்ஸ் கம்பெனி என்றால் ஜிஎஸ்டி சேர்த்த தொகையா என்றும் கேளுங்கள். முன்பணமாகக் கால்வாசிக்கு மேல் தர வேண்டாம், பாக்கி கடைசிச் சாமான் இறங்கிய பிறகு. வழியில் யாராவது 'இ-வே பில் எடுக்கணும்' என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அது ஜிஎஸ்டியில் சரக்கு கொண்டுபோக எடுக்கும் சீட்டு, பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்குத் தேவையில்லை. கையெழுத்துப் போட்ட சாமான் லிஸ்ட் டிரைவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று இருந்தால் போதும்.

பைக் இருந்து, லாரியில் இடம் இல்லை என்றால் ரயில் பார்சலில் போடலாம். பெட்ரோலை முழுக்க இறக்கிவிட்டுத்தான் எடுப்பார்கள். ஆர்சி நகலும் அடையாள அட்டையும் வேண்டும்.

கேஸ் இணைப்பை மாமியாருக்காக இங்கேயே விடுங்கள். சென்னையில் முதல் மாதங்களுக்கு 5 கிலோ சிறிய சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். ரேஷன் அட்டையையும் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். ஆனால் ஒரே அட்டைதான் என்றால் மாமியார் இங்கே வாங்குவதா நீங்கள் அங்கே வாங்குவதா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு டிசி வாங்கும்போது இஎம்ஐஎஸ் எண்ணையும் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் உள்ள மாணவர் எண்) எழுதி வாங்குங்கள், பழைய பள்ளி அந்தப் பதிவில் விடுவித்தால்தான் புதுப் பள்ளியில் பெயர் ஏறும். சாதிச் சான்று இல்லாவிட்டால் இந்த மே மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். உங்களைத் தெரிந்த விஏஓ இருக்கும் ஊரில் விசாரணை சீக்கிரம் முடியும். சென்னையிலிருந்து அதற்காக இரண்டு தடவை வந்துபோனால் ரயில் செலவே ஒரு மாதப் பால் செலவு ஆகிவிடும்.

மாமியாரை வற்புறுத்தாதீர்கள். அரையாண்டு விடுமுறை வரை அவர் இங்கே இருக்கட்டும், பிறகு அவரே முடிவு செய்யட்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் வலுக்கும் நாட்களில் ராத்திரித் துணைக்குப் படுக்க ஒரு ஆளை இப்போதே பேசி வையுங்கள். ஓடு மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் வீட்டுக்காரர் கிளம்பும் முன் மாற்றிவிடட்டும். அதற்கு ஒரு ஆயிரமோ இரண்டாயிரமோ ஆகும் என்றால் லாரியில் இன்னும் நாலு சாமானைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த 35,000. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் ஏறி நிற்கும் இந்த நாட்களில்தான் உங்கள் வீட்டுக்காரருக்கு வேலை அதிகம், படகுக்காரர்கள் கையில் காசு குறைவு. கேட்டால் "தொழிலுக்குப் போய் வந்து தருகிறேன்" என்பார்கள். அது பொய்யும் இல்லை. அதனால் அந்தப் பணத்தை இடமாற்றக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்க வேண்டாம். ஆனால் மே 2-க்கு முன் ஒவ்வொருவரிடமும் போய், எந்தப் படகு, என்ன வேலை, எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லுங்கள். ஊரை விட்டுப் போனவனின் பாக்கி மறந்துபோக நாள் ஆகாது. தடை முடிந்து படகுகள் ஒன்றிரண்டு நடை போய் வந்ததும், ஜூன் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ரயிலேறி அவரே ஒரு நாள் வந்து வசூல் செய்துவிட்டு, அம்மாவையும் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். கையில் பாதி வந்தாலும் அதில் முதலில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்குங்கள். அதுவரை மீனை அன்றாடம் வாங்கிக்கொள்ளலாம், திருவொற்றியூரிலிருந்து காசிமேடு பக்கம்தான்.