கட்சிக் கட்டத்தைக் காலியாக விட்டவர் ஜூனில் வாக்களிக்கலாமா? நியூயார்க் பிரைமரி பற்றி ஒரு கேள்வி

நியூயார்க் குயின்சில் இருக்கும் வாசகர் ஒருவர் மார்ச் முதல் வாரத்தில் எழுதியிருக்கிறார்:

"குடியுரிமை வாங்கி நாலு வருஷம் ஆகிறது. வாக்காளராகப் பதிந்தபோது எந்தக் கட்சி என்ற கேள்விக்கு, எதற்கு வம்பு என்று 'எந்தக் கட்சியும் வேண்டாம்' என்பதைக் குறித்துவிட்டேன். இப்போது எங்கள் தமிழ்ப்பள்ளியில் வகுப்பெடுக்கும் அக்கா ஒருவர் மாநில சட்டமன்றத்துக்கு ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நிற்கிறார், கையெழுத்துத் தாளோடு வீட்டுக்கு வந்தார். நான் போடலாமா? ஜூனில் அவருக்கு வாக்களிக்க முடியுமா? எடிசனில் இருக்கும் மச்சான், 'அன்றைக்குப் போய்க் கட்சி பெயரைச் சொன்னால் போதும்' என்கிறான். மனைவி ஜனவரியில்தான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தாள், இன்னும் பதியவில்லை. அப்பா அம்மா கிரீன் கார்டு. இன்னொன்று, அந்த அக்கா போன வருஷம் வரை குடியரசுக் கட்சியில் பதிந்திருந்தாராம். அதனால் சிக்கல் வருமா?"

முதலில் கசப்பான பதில். அக்காவின் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றக் கேட்கும் அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது, போட்டால் அது செல்லாது. நவம்பர் தேர்தலுக்குக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் பிரைமரியில் உங்களுக்கு வாக்கும் கிடையாது. உங்கள் மனைவிக்கு இரண்டும் உண்டு! நாலு வருஷக் குடிமகனுக்கு இல்லாதது இரண்டு மாதக் குடிமகளுக்கு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, நியூயார்க் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நியூயார்க்கில் பிரைமரி என்பது அந்தந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே வாக்காளராகப் பதிந்த ஒருவர் கட்சியை மாற்றவோ, உங்களைப் போல ஒன்றுமில்லாமல் இருந்தவர் புதிதாக ஒரு கட்சியில் சேரவோ விரும்பினால், அந்தப் படிவம் பிப்ரவரி 14க்குள் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். காதலர் தினத்தில் கட்சியோடு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தேதி மறக்காது. பிப்ரவரி 14க்குப் பிறகு வருகிற படிவத்தைத் தூக்கிப் போடமாட்டார்கள், ஆனால் ஓரமாக வைத்துவிட்டு, ஜூன் பிரைமரி முடிந்து ஏழு நாள் கழித்துத்தான் பதிவில் ஏற்றுவார்கள். வீடு மாறியதால் முகவரியோடு சேர்த்துக் கட்சியையும் மாற்றுகிறேன் என்று அனுப்பினாலும் இதே கதைதான்: முகவரி மாறும், கட்சி காத்திருக்கும்.

முதல் தடவை பதிகிறவருக்கு இந்தப் பூட்டு இல்லை, ஏனென்றால் அவர் எதிலிருந்தும் மாறி வரவில்லை. மனைவியின் படிவம் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் ஜூனில் அவர் வாக்களிக்கலாம். படிவத்தில் கட்சிக் கட்டத்தை மட்டும் மறக்காமல் குறிக்கச் சொல்லுங்கள், நீங்கள் செய்ததை அவரும் செய்துவிடப் போகிறார்.

ஏன் இப்படி ஒரு பூட்டு? ஒரு கட்சிக்காரர்கள் கூட்டமாக எதிர்க்கட்சியின் பிரைமரிக்குள் புகுந்து, தோற்கடிக்கச் சுலபமான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள் என்ற பயம். முன்பு கெடு இதைவிட மோசம். ஜூன் பிரைமரிக்கு முந்தைய வருஷம் நவம்பர் பொதுத்தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே சேர்ந்திருக்க வேண்டும் என்று இருந்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள், ரொசாரியோ எதிர் ராக்ஃபெல்லர் என்ற அந்த வழக்கில் 1973ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2016 ஏப்ரலில் நடந்த அதிபர் பிரைமரிக்கு முந்தைய அக்டோபரிலேயே கெடு முடிந்திருந்தது, அதில் டிரம்ப்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் மாட்டிக்கொண்டு சொந்த அப்பாவுக்கே வாக்களிக்க முடியாமல் நின்றார்கள். 2019ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பிப்ரவரி 14 வந்தது. என்னைக் கேட்டால் இதுவும் அநியாயம்தான், யார் யார் நிற்கிறார்கள் என்று சாதாரண ஆளுக்குத் தெரிவதற்குள் கதவு சாத்தியாகிவிடுகிறது.

மச்சான் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது எடிசன் இருக்கும் நியூஜெர்சி மாநிலத்துக் கதை. அங்கே கட்சி ஏதும் பதியாதவர் பிரைமரி அன்றே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லிச் சீட்டு வாங்கலாம். டெக்சாஸிலும் வர்ஜீனியாவிலும் வாக்காளர் பதிவில் கட்சி என்ற விஷயமே கிடையாது. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் போட்டியிடும் வாஷிங்டன் மாநிலத்தில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பிரைமரியில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில், யார் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். ஒரு மாநிலத்தின் விதியை இன்னொரு மாநிலத்துக்காரர் வாட்ஸ்அப்பில் சொன்னால் நம்பாதீர்கள், ஆற்றைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும்.

கட்சியில் பதிவது என்றதும் நம்மவர்கள் பலர் தயங்குவது எனக்குத் தெரியும். ஊரில் கட்சி உறுப்பினர் என்றால் உறுப்பினர் அட்டை, கரைவேட்டி, கூட்டம், வசூல் என்றுதானே மனசில் வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை, சந்தா இல்லை, நவம்பரில் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் போடலாம். நீங்கள் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்கள் என்பது மட்டும் பொதுப் பதிவில் இருக்கும், யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது இருக்காது. குயின்சில் பல தொகுதிகளில் ஜூன் பிரைமரிதான் உண்மையான தேர்தல், நவம்பர் வெறும் சடங்கு. 2018ல் காங்கிரசுக்கு நின்ற ஒகாசியோ-கோர்டெஸும் 2020ல் மாநில சட்டமன்றத்துக்கு நின்ற மம்தானியும் பதவியில் இருந்தவர்களை வீழ்த்தியது பிரைமரியில்தான்.

சரி, கையெழுத்துத் தாளுக்கு வருவோம். மாநில சட்டமன்றத்துக்குப் பிரைமரி வாக்குச்சீட்டில் பெயர் வர, தொகுதியில் அந்தக் கட்சியில் பதிந்தவர்களில் 5 சதவீதம் அல்லது 500 கையெழுத்து, எது குறைவோ அது வேண்டும். காங்கிரசுக்கு இந்த எண் 1,250. பிப்ரவரி கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடிக்க வேண்டும், குளிரில் கதவு தட்டுவது என்றால் என்ன என்று அப்போது தெரியும். 500தானே என்று நினைக்கலாம். அனுபவமுள்ளவர்கள் இரண்டு மூன்று மடங்கு வாங்கிவைப்பார்கள், ஏனென்றால் தாக்கல் செய்ததும் எதிராளியின் ஆட்கள் வரிவரியாக அடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்சேபம் தெரிவிக்க மூன்று நாள், எந்த வரி ஏன் செல்லாது என்று விவரம் கொடுக்க அதற்குப் பிறகு ஆறு நாள்.

எதனால் அடிபடும்? கட்சியில் இல்லாதவர் போட்டது, தொகுதிக்கு வெளியே இருப்பவர் போட்டது, கணவனே மனைவிக்கும் சேர்த்துப் போட்டது (இதை நம் வீடுகளில் ரொம்ப இயல்பாகச் செய்கிறோம், இது மோசடிக் கையெழுத்து, விளையாட்டில்லை), அதே பதவிக்கு முன்பே இன்னொருவர் தாளில் போட்டது. இரண்டு பேருக்குப் போட்டால் தேதியில் முந்தியதுதான் நிற்கும். நான் முதல் தடவை தாள் தூக்கியபோது ஒரே அடுக்ககத்தில் பதினான்கு கையெழுத்து வாங்கிப் பெருமையாக வந்தேன், சரிபார்த்தால் எட்டுப் பேர் எந்தக் கட்சியிலும் இல்லை. கதவைத் தட்டுவதற்கு முன்னால் கட்சி வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

தாளின் அடியில் சாட்சிக் கையெழுத்து ஒன்று இருக்கும், 'என் முன்னால்தான் போட்டார்கள்' என்று உறுதி சொல்வது. அதற்கும் அதே கட்சியில் பதிந்த நியூயார்க் வாக்காளர்தான் வேண்டும், ஆக நீங்கள் அக்காவுக்காகத் தனியாகத் தாள் தூக்கவும் முடியாது. நோட்டரி பப்ளிக்காக இருந்தால் முடியும், அவர்களுக்குக் கட்சி விதி இல்லை, ஆனால் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரிடமும் உறுதிமொழி வாங்க வேண்டும். ஏற்கெனவே தாளில் போட்டுவிட்டீர்கள் என்றால் அக்காவிடம் சொல்லிவிடுங்கள், தாக்கலுக்கு முன்னால் அவர்களே அந்த வரியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள்.

இனி அக்காவின் விஷயம், இதுதான் உங்கள் கடிதத்திலேயே பெரியது. அவர் ஜனநாயகக் கட்சிக்கு மாறிய படிவம் எந்தத் தேதியில் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது? பிப்ரவரி 14க்குள் என்றால் கவலை இல்லை, போன வருஷம் எந்தக் கட்சி என்று யாரும் கேட்க முடியாது. அதற்குப் பிறகு என்றால் சட்டப்படி அவர் இன்னும் குடியரசுக் கட்சிக்காரர், 1947ல் வந்த வில்சன்-பகூலா சட்டம் குறுக்கே நிற்கும். கட்சியில் பதியாதவர் அந்தக் கட்சியின் பிரைமரியில் நிற்க வேண்டுமென்றால் கட்சிக் குழுவே எழுத்தில் அனுமதி தர வேண்டும், அது மனுத் தாக்கலின் கடைசி நாளிலிருந்து நாலு நாளுக்குள் வந்து சேர வேண்டும். கிழக்கு ஹார்லெமில் வீட்டோ மார்கன்டோனியோ என்ற இடதுசாரி காங்கிரஸ் உறுப்பினர் 1940களில் அமெரிக்கத் தொழிலாளர் கட்சிக்காரராக இருந்துகொண்டே ஜனநாயக, குடியரசுக் கட்சிகளின் பிரைமரியிலும் ஜெயித்தார், இரண்டு பெரிய கட்சிகளும் எரிச்சலாகிக் கொண்டுவந்த சட்டம் இது. பதவியில் இருப்பவரை எதிர்த்து நிற்கிற புதுமுகத்துக்குக் கட்சிக் குழு அந்தக் கடிதம் தரும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். எனவே ஆயிரம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், இன்றைக்கே, வாக்காளர் பதிவைத் தேடும் இணையப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டு எந்தக் கட்சி என்று வருகிறது என அவர் பார்க்கட்டும். அதோடு நியூயார்க்கில் ஐந்து வருஷம், தொகுதியில் பன்னிரண்டு மாதம் வசித்திருக்க வேண்டும் என்ற விதியையும் சரிபார்க்கட்டும். தேர்தல் வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுவது செலவுதான், ஆனால் பிறகு நீதிமன்றத்துக்கு அலைவதைவிட மலிவு.

பிரைமரி வழி அடைபட்டால் சுயேச்சை மனு இருக்கிறது, சட்டமன்றத்துக்கு 1,500 கையெழுத்து. ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை வாங்கலாம், அதில் தொகுதியில் இருக்கும் எந்தப் பதிவுபெற்ற வாக்காளரும் போடலாம், அதே பதவிக்கு வேறு மனுவில் போடாமல் இருந்தால் சரி. அங்கே உங்கள் கையெழுத்தும் செல்லும். ஜெயிப்பது வேறு கதை.

அப்பா அம்மாவுக்கு ஒரே விதி: வாக்காளர் படிவம் பக்கமே போக வேண்டாம், மனுவிலும் கையெழுத்து வேண்டாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் யாராவது நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். குடிமகன் என்று தவறாகக் குறித்துப் பதிந்தால் நாடுகடத்தல் வரை போகலாம், 'தெரியாமல் போட்டேன்' என்பது எடுபடும் என்று நம்பி இறங்க முடியாது. நன்கொடை தர மட்டும் கிரீன் கார்டுக்காரர்களுக்குத் தடை இல்லை, ஹெச்-1பி விசாக்காரர்களுக்கு அதுவும் கூடாது.

உங்களுக்கு இப்போது இரண்டு வேலை. கட்சி மாற்றப் படிவத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், ஜூலைக்குள் தானாக ஏறிவிடும், அடுத்த பிப்ரவரியில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மனைவியின் பதிவை இன்றைக்கே போடுங்கள், ஆனால் கையெழுத்துத் தாளில் உடனே போட வேண்டாம், இணையப் பக்கத்தில் அவர் பெயரும் கட்சியும் வந்த பிறகு போடட்டும். நம் பெயர்களில் இனிஷியல் எங்கே, அப்பா பெயர் எங்கே என்று ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் அல்லவா, பதிவில் எப்படி வந்திருக்கிறதோ அப்படியே தாளில் பெயரை எழுதி, படிவத்தில் போட்ட அதே கையெழுத்தைப் போடச் சொல்லுங்கள். தமிழில் போட்டிருந்தால் இங்கேயும் தமிழில்.