கொம்பைப் பிடித்துச் சிரிக்கும் படம்

கேள்வி: நான் உரிமம் வாங்கி, விதிகளுக்குக் கட்டுப்பட்டு மான் வேட்டைக்குப் போகிறவன். சுட்டதை வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறோம். ஆனால் ஊடகங்களில் வருவதைப் பார்த்தால் வேட்டைக்காரர்கள் எல்லோரும் ரத்தவெறி பிடித்தவர்கள் என்றுதான் தோன்றும். நானும் திருட்டு வேட்டைக்காரனும் ஒன்றா? ஒருநாளும் காட்டுக்குள் காலடி வைக்காதவர்கள் வேட்டையின் அறத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லலாமா?

பதில்: ஒன்று இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவிக்கும் கும்பல் வேறு, பருவம் பார்த்து ஒரே ஒரு மானுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போகிறவர் வேறு. தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘திருட்டு’ என்ற சொல்லை வெட்டிவிட்டு வெறும் ‘வேட்டை’ என்று போடுகிறோம். அதில் உங்களுக்கு வரும் கோபம் நியாயமானது.

பத்திரிகை மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். விடியுமுன்னே போய், மரத்தின் மேல் குளிரில் அசையாமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மான் நின்ற கோணம் சரியில்லை என்று சுடாமலே திரும்பி வருகிறவரை யாரும் படம் எடுப்பதில்லை. செத்த சிங்கத்தின் பக்கத்தில் பல் தெரியச் சிரிப்பவரின் படம் வந்தால் அரைப் பக்கம் ஒதுக்குகிறோம்.

2015இல் ஜிம்பாப்வேயில் கொல்லப்பட்ட சிசில் என்ற சிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்த சிங்கம் அது. ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் அதன்மேல் அம்பு எய்தார். முதல் அம்பில் அது சாகவில்லை. காயத்தோடு 40 மணி நேரம் அலைந்தது என்று உலகம் முழுக்க எழுதினார்கள். அந்தச் சிங்கத்தைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வாளர் பிற்பாடு கணக்கிட்டுச் சொன்னது 10 முதல் 12 மணி நேரம். “எப்படி ஊதிப் பெரிதாக்கினார்கள், பார்த்தீர்களா?” என்று வேட்டைக்காரர்கள் கேட்கிறார்கள். சரி, ஊதியதுதான். ஆனால் எண்ணைத் திருத்திய கையோடு வழக்கு முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. உடம்பில் அம்பு பட்ட ஒரு மிருகத்துக்கு 10 மணி நேரம் எவ்வளவு நீளம் என்பது பத்திரிகைக்காரனைவிட வேட்டைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

தெரியும் என்றுதான் சொல்கிறேன். அடித்ததும் ஓடிப்போய்ப் பிடிக்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது உங்கள் பாலபாடம். விரட்டினால் அடிபட்டது இன்னும் தூரம் ஓடும். அப்புறம் குனிந்து சருகில் ரத்தம் தேடுவீர்கள். வெளிர்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, பக்கத்திலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பச்சையாக ஏதோ கலந்து நாற்றம் அடித்தால் குடலில் பட்டுவிட்டது. எட்டுப் பத்து மணி நேரம் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அந்த எட்டுப் பத்து மணி நேரமும் அது எங்கோ ஒரு புதருக்குள் படுத்திருக்கிறது. சில சமயம் கடைசிவரை கிடைப்பதே இல்லை.

வேட்டைக்காரர்களே எடுத்து, வேட்டைக்காரர்களுக்கே காட்டும் நிகழ்ச்சிகள் எத்தனை இருக்கின்றன! அவற்றில் இந்தக் காத்திருப்பு வருகிறதா? வெடிச் சத்தம், விழும் மான், கைகுலுக்கல். அதன்பிறகு வாய் ரத்தத்தைத் துடைத்து, தொங்கும் நாக்கை உள்ளே தள்ளி, தலையை நிமிர்த்தி வைத்துக் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். வெளியாட்கள் பார்த்துக் கொதிப்பது இந்தப் படத்தைத்தான். இதை எந்தப் பத்திரிகைக்காரனும் எடுக்கவில்லை.

உங்கள் தரப்புக்குச் சாதகமான பொய்யும் ஊடகத்தில் வந்திருக்கிறது. 1902இல் மிசிசிப்பியில் கரடி வேட்டைக்குப் போன அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், மரத்தில் கட்டிப்போட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். தப்பிக்க வழியில்லாததைச் சுடக் கூடாது என்ற அவருடைய நெறி உண்மையானது. 1887இல் அவர் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம் அந்த நெறியை இன்றும் பேசுகிறது. ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது, அதிலிருந்து டெடி கரடி பொம்மையே பிறந்தது. கரடி மட்டும் பிழைக்கவில்லை. நாய்களோடு மல்லுக்கட்டி அடிபட்டுக் கிடந்த அதன் வேதனையை முடிக்கச் சொன்னார் ரூஸ்வெல்ட், கத்தியால் முடித்தார்கள். சித்திரத்தில் அது இல்லை. அந்த விடுபடலுக்காக எந்த வேட்டைக்காரரும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியதாக நான் படித்ததில்லை.

1937 முதல் அமெரிக்காவில் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலிக்கும் 10–11 சதவீத வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போவதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்றும் கேட்பீர்கள். எழுத வேண்டியதுதான். காட்டுக்கே போகாமல் துப்பாக்கி வாங்குகிறவரும் அந்த வரியைக் கட்டுகிறார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

காட்டுக்குள் போகாதவர் தீர்ப்பு சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம். காட்டில் திரியும் மான் உங்கள் உரிமத்துக்குள் பிறந்ததில்லை. வட அமெரிக்காவின் வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக் காட்சியகத்தில் ஒரு கூண்டுக்குள் செத்தது. சந்தைக்காக அவற்றைச் சுட்டும் வலைபோட்டும் தீர்த்தவர்கள் காட்டை நன்றாக அறிந்தவர்கள். அந்த வெறியைச் சட்டம் போட்டு நிறுத்தப் போராடியவர்களில் வேட்டைக்காரர்களும் முன்னால் நின்றார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தங்கள் கூட்டத்தாரின் முகத்துக்கு நேரே பேசினார்கள்.

நீங்களும் பேசலாம். அடிபட்டு ஓடி, இருட்டும்வரை தேடியும் கிடைக்காமல் போன மான் ஒன்று உங்களுக்கும் இருக்கும். அன்று இரவு வீடு திரும்பியதைப் பற்றி எழுதி அனுப்புங்கள். ஒரு சொல்லும் வெட்டாமல், படம் போடாமல், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.