மூக்கடைப்புக்குக் குளிர்தான் காரணமா?

கேள்வி: மூன்று மாதமாக மூக்கடைப்பு. ராத்திரி சொட்டு மருந்து விட்டால்தான் தூக்கமே வருகிறது. எல்லாம் இந்தக் குளிரால்தானா? – வாசகி, குன்னூர்

பதில்: குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாதும்மா. வெறும் சளி என்றால் பத்து நாளில் விட்டுவிடும். எனக்கு முதல் சந்தேகம் அந்தச் சொட்டு மருந்து மேல்தான்: ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகையைத் தொடர்ந்து 5 நாளுக்கு மேல் விட்டால், வேகம் இறங்கியதும் மூக்கின் உள்சவ்வு வீங்கி மறுபடி அடைக்கும், நீங்களும் மறுபடி விடுவீர்கள். அப்புறம், காலையில் அடுக்குத் தும்மலும் கண் அரிப்பும் இருந்தால் அலர்ஜியாக இருக்கலாம்; ஈரச் சுவரில் கறுப்பாகப் படரும் பூஞ்சையையும் கம்பளியில் சேரும் தூசியையும் கவனியுங்கள். எப்போதும் ஒரே பக்கம் அடைத்தால் நடு எலும்பு வளைவோ சதை வளர்ச்சியோ இருக்கலாம். அதோடு ரத்தமும் வந்தால் தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.