செர்மாட்டா, செர்வினியாவா? இரண்டு நாட்டு ஸ்கீ பயணம் பற்றி நீங்கள் கேட்டவை

நான் இருப்பது சுவிஸ் வாலிஸ் மாநிலத்தில். குளிர்காலம் வந்தால் எனக்கு செர்மாட் மலைதான். ஸ்கீ விடுமுறை பற்றி என்ன கேட்டாலும் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இடம் தெரியாதவர்களுக்காக: செர்மாட் சுவிட்சர்லாந்தில், செர்வினியா இத்தாலியில், நடுவில் 4,478 மீட்டர் உயர மாட்டர்ஹார்ன். மலைக்கு மேலே கேபிள் கார் போன்ற லிஃப்டுகள் இரண்டு ஊரையும் இணைக்கின்றன. எல்லாம் சேர்த்து சுமார் 360 கிலோமீட்டர் சறுக்குப் பாதைகள்.

அக்கா, சென்னையிலிருந்து நான்கு பேர் வருகிறோம். இரண்டு பேர் ஸ்கீயைத் தொட்டதே இல்லை. எந்தப் பக்கம் தங்கலாம்?

தொட்டதே இல்லை என்றால் செர்வினியா. அங்கே பாதைகள் அகலம், சரிவு குறைவு. ஊரிலிருந்து மேலே 2,555 மீட்டரில் பிளான் மேசோன் என்று ஒரு பெரிய திறந்தவெளி இருக்கிறது, வெயிலும் நன்றாக விழும், விழுந்து எழுந்து பழக நல்ல இடம். தங்கும் செலவு, சாப்பாடு, லிஃப்ட் சீட்டு எல்லாமே சுவிஸ் பக்கத்தைவிடக் குறைவு. செர்மாட்டில் சுன்னெக்காவில் புதியவர்களுக்கு ஒரு பகுதி உண்டு, ஆனால் அதைத் தாண்டினால் பெரும்பாலும் நடுத்தரச் சிவப்புப் பாதைகள். இரண்டாம் நாளே பயந்துபோய் மிச்ச வாரம் முழுக்க அறையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. போஸ்டரில் பார்க்கும் அந்தக் கூர்மையான மாட்டர்ஹார்ன் செர்மாட்டிலிருந்து தெரிவது. செர்வினியாவிலிருந்து அதன் தெற்கு முகம் தெரியும், அகன்று முரட்டுத்தனமாக இருக்கும், அடையாளமே தெரியாது. அந்தக் காட்சிக்காகவே வருகிறீர்கள் என்றால் முதல் சில இரவு செர்வினியா, கடைசி இரண்டு இரவு செர்மாட் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளோடு சாலை வழியாக மாறுவது பாதி நாளைத் தின்னும், அதைக் கணக்கில் வையுங்கள்.

ஸ்கீ பாஸ், அதாவது லிஃப்டில் ஏறும் சீட்டு, எது வாங்குவது? வாரம் முழுக்க இரண்டு நாட்டுக்கும் சேர்த்து எடுத்தால் லாபம் என்கிறார்களே?

பலர் பணத்தை விடுவது இங்கேதான். நான் அப்படி எடுக்கச் சொல்ல மாட்டேன். தங்கும் பக்கத்துக்கு மட்டும் வாரப் பாஸ் எடுங்கள், மறுபக்கம் போகிற நாளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் கட்டுங்கள். காரணம் காற்று. இரண்டு நாடும் சேரும் இடம் 3,300 மீட்டருக்கு மேலே, மரம் மட்டை எதுவும் இல்லாத பனியாற்றில் இருக்கிறது. கீழே ஊரில் நல்ல வெயில் அடிக்கும், மேலே காற்றினால் லிஃப்ட் நின்றிருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி மூடினால் இரண்டு நாட்டுப் பாஸுக்குக் கொடுத்த கூடுதல் பணம் வீண்தானே. காலையில் லிஃப்ட் நிலவரத்தைப் பார்த்து, அடுத்த நாள் வானிலையையும் பார்த்து, அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு: 2022-லும் 2023-லும் இங்கே எல்லை தாண்டும் உலகக் கோப்பை ஸ்கீ பந்தயம் வைக்கத் திட்டமிட்டார்கள். முதல் வருடம் போதிய பனி இல்லை, அடுத்த வருடம் பனிப்பொழிவும் காற்றும். ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கே அந்தக் கதி.

இன்னொன்று, செர்மாட்டில் சீட்டு விலை நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டி வாங்கினால் குறையும். நான் சொன்ன முறையில் வாரப் பாஸை முன்கூட்டியே எடுத்துவிடலாம், மறுபக்கத்துக்கான கூடுதலை மட்டும் அங்கே போய் வாங்கலாம்.

அண்ணி சொன்னார், அவர்கள் ஒருமுறை மறுபக்கம் மாட்டிக்கொண்டார்களாம். அப்படி நடந்தால் என்ன செய்வது?

நடக்கும். செர்வினியாவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டுக் கடைசி லிஃப்டைத் தவறவிட்டால், செர்மாட்டுக்குத் திரும்பச் சாலைதான். மலைக்கு மேலே நேர்கோட்டில் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர் தூரம், சாலையில் அவோஸ்தா, கிராண்ட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம், மார்ட்டினி, விஸ்ப், டேஷ் என்று சுற்றினால் 200 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி டாக்சிக்கு ஆகும் காசில் அங்கேயே ஓர் அறை எடுத்துவிடலாம்.

செர்வினியாவிலிருந்து மேலே ஏற மூன்று கட்டம்: பிளான் மேசோன், அப்புறம் 2,812 மீட்டரில் சிமே பியாங்கே லாகி, அங்கிருந்து பெரிய கேபிள் காரில் 3,480 மீட்டரில் பிளாட்டோ ரோசா. ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை இருக்கும், கடைசிக் கேபிள் காரில் ரொம்பவே இருக்கும். கடைசி நேரம் என்று பலகையில் எழுதியிருப்பது அந்த லிஃப்டின் கதவு மூடும் நேரம்தான். நீங்கள் கீழ் ஊரிலிருந்து கிளம்ப வேண்டிய நேரம் அதற்கு வெகு முன்னால். நான் சொல்லும் வழி: காலை முதல் லிஃப்டிலேயே எல்லை தாண்டுங்கள், இத்தாலியில் சீக்கிரமாகச் சாப்பிடுங்கள், இரண்டு மணிக்கு முன்னால் பிளாட்டோ ரோசாவில் இருங்கள். நடுவில் காற்று ஏறுகிற மாதிரி தெரிந்தால் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இந்தியப் பாஸ்போர்ட். இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விசா வேண்டுமா?

வேண்டாம். இரண்டுமே ஷெங்கன். ஒருமுறை நுழையும் விசா இருந்தாலும் இரண்டுக்கும் நடுவில் எத்தனை முறையும் போய் வரலாம். எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்கு விண்ணப்பியுங்கள், சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மலையில் யாரும் நின்று பாஸ்போர்ட் கேட்பது வழக்கமில்லை, ஆனாலும் சட்டைப்பைக்குள் வைத்திருங்கள், நாடு மாறுகிறீர்கள்.

சுவிஸிலேயே இருக்கும் நம்மவர்களும் இதைக் கேட்டிருந்தார்கள். பி, சி வதிவிட அனுமதி உள்ளவர்கள் பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் எடுத்துக்கொண்டு போகலாம். எஃப் அனுமதிக்காரர்கள் (தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர்கள்) தயவுசெய்து கவனியுங்கள்: ஸ்கீயில் பத்து நிமிடம் இறங்கினாலும் அது வெளிநாட்டுப் பயணம்தான், பயண ஆவணமும் திரும்பி வரும் விசாவும் இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். செர்மாட் பக்கமே ஒரு வாரத்துக்குப் போதும்.

பயணக் காப்பீடு எடுத்தாயிற்று, வேறு ஏதாவது தேவையா?

விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் பெரும்பாலும் பனி விளையாட்டு சேராது. பத்திரத்தைத் திறந்து அந்த ஒரு வரியைத் தேடுங்கள். ஹெலிகாப்டர் மீட்பு, மலைமீட்பு, மருத்துவமனை மூன்றும் இருக்க வேண்டும். சுவிஸில் மீட்புக்குக் காசு உண்டு, பெரிய காசு. இரண்டு நாட்டுக்கும் செல்லுமா என்றும் பாருங்கள்.

இத்தாலிப் பக்கத்தில் சட்டமே இருக்கிறது: 2022 ஜனவரியிலிருந்து, நீங்கள் யாரையாவது இடித்துக் காயப்படுத்தினால் ஈடு கட்டும் காப்பீடு கட்டாயம். பாஸ் வாங்கும் இடத்திலேயே நாள் கணக்கில் சேர்த்து வாங்கலாம். ஹெல்மெட்டும் இப்போது அங்கே எல்லா வயதினருக்கும் கட்டாயம். குடித்துவிட்டு ஸ்கீ ஓட்டுவதும் அங்கே குற்றம். சுவிஸ் பக்கத்தில் ஹெல்மெட் சட்டம் இல்லை, ஆனால் போடாமல் இறங்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

அவசரத்துக்கு 112 இரண்டு பக்கமும் வேலை செய்யும். வாலிஸில் 144.

அப்பா, அம்மா ஸ்கீ ஓட்ட மாட்டார்கள். அவர்களும் எல்லையைத் தாண்டிப் பார்க்க முடியுமா?

முடியும், இதைச் சொல்ல எனக்கே சந்தோஷம். 2023 ஜூலையில் கடைசி இணைப்பும் திறந்தார்கள், சுமார் 3,820 மீட்டரில் இருக்கும் கிளைன் மாட்டர்ஹார்ன் நிலையத்துக்கும் இத்தாலி எல்லையில் பிளாட்டோ ரோசாவிலேயே இருக்கும் டெஸ்டா கிரிஜாவுக்கும் நடுவில். அதனால் செர்மாட்டிலிருந்து செர்வினியா வரை ஸ்கீ இல்லாமலே கேபிள் கார்களில் உட்கார்ந்தே போகலாம். சாதாரணச் செருப்போடு வேண்டாம், மேலே பனிதான், பிடிப்புள்ள பூட்ஸ் போடுங்கள்.

உயரம்தான் யோசிக்க வேண்டியது. 1,600 மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் 3,820-க்கு ஏறுகிறீர்கள், அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். மற்றவர்கள் 2,939 மீட்டரில் ட்ரோக்னர் ஷ்டேகில் இறங்கி அரை மணி உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு ஏறட்டும். தலை சுற்றினால் உடனே கீழே. உயரம் ஒத்துவராது என்றால் கோர்னர்கிராட் ரயில் இருக்கிறது, 1898-லிருந்து ஓடுகிறது, 3,089 மீட்டர்தான், மாட்டர்ஹார்ன் காட்சி அங்கிருந்து இன்னும் அழகு.

லண்டனிலிருந்து வருகிறோம். கார் எடுக்கலாமா?

செர்மாட்டுக்கு வேண்டாம். ஊருக்குள் வெளியிலிருந்து வரும் கார்களுக்கு அனுமதி இல்லை. பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிட ரயிலில் வர வேண்டும், நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் கட்டண வில்லையும் வாங்க வேண்டும். சூரிச்சிலோ ஜெனீவாவிலோ இறங்கி ரயில் ஏறினால் மூன்றரை, நான்கு மணி நேரத்தில் வந்துவிடலாம். செர்வினியாவுக்கு கார் சரி: துரின் விமான நிலையம்தான் கிட்ட, மிலானும் பரவாயில்லை, ஷாத்தியோனில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி 27 கிலோமீட்டர் ஏற்றம். பனிக்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் கிளம்பாதீர்கள்.

லண்டன்காரர்களுக்கு இன்னொன்று: ஐரோப்பிய ரோமிங் கணக்கில் சுவிஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே போன் எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்லவே முடியாது.

சைவம். பட்டினியா?

இல்லவே இல்லை. இத்தாலிப் பக்கம் ஃபொண்டீனா சீஸ் உருக்கிய பொலெண்டா (மக்காச்சோளக் களி), பாஸ்தா, சூப். சுவிஸ் பக்கம் உருளைக்கிழங்கு ரோஷ்டி, பன்றி இறைச்சித் துண்டு போடாமல் கேளுங்கள். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். மத்தியானச் சாப்பாடு இத்தாலியில்தான், ருசியும் சரி, விலையும் சரி.

மலைக்கு மேலே எல்லைக்கோடு எங்கே என்று காட்டுவார்களா?

பலகை இருக்கும், கோடு இருக்காது. அங்கே எல்லை நீர் பிரியும் மேட்டை ஒட்டிப் போகிறது, தியோடுல் பனியாறு கரையக் கரைய அந்த மேடே நகர்கிறது. டெஸ்டா கிரிஜாவில் இருக்கும் இத்தாலிய மலை விடுதி இப்படித்தான் இரண்டு நாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பல வருடம் பேசி 2023-ல் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன, 2024 செப்டம்பரில் சுவிஸ் அரசு புதிய எல்லைக்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பனியாற்றின் மேல்தான் வருடம் முழுக்க ஸ்கீ ஓட்டுகிறோம். இன்னும் எத்தனை காலத்துக்கு என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

திரும்பும்போது இத்தாலியிலிருந்து சலாமி, வைன் வாங்கி வரலாமா?

முதுகுப்பையில் வந்தாலும் சுங்க விதி உண்டு. ஒருவருக்கு இறைச்சி 1 கிலோ, வைன் 5 லிட்டர், வாங்கியதின் மொத்த மதிப்பு 150 பிராங்க் வரை வரி இல்லை.

கடைசியாக, எந்த மாதம்?

ஜனவரி நடுவில் வந்தால் கூட்டமும் விலையும் குறைவு, ஆனால் குளிரும் காற்றும் கொடுமை. பிப்ரவரியில் பள்ளி விடுமுறை, தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் என் தேர்வு: பகல் நீளம், மற்ற ஊர்களில் பனி இளகிவிட்டாலும் இந்த உயரத்தில் நிற்கும். செர்வினியாவில் ஞாயிற்றுக்கிழமை துரின், மிலான்காரர்கள் வந்து நிரம்பிவிடுவார்கள், அதனால் எல்லை தாண்டும் நாளை செவ்வாய், புதன் என்று வையுங்கள்.